நேப்பர்வில்லா, பிளேனோவா, ஃப்ரீமான்ட்டா, கேரியா? வீட்டைப் பாக்குறதுக்கு முன்னாடி ஊர் எப்படி நடக்குதுன்னு பாருங்க

சிகாகோ பக்கம் ஒரு ஆஃபர், டல்லாஸ் பக்கம் ஒரு ஆஃபர், எதை எடுக்குறதுன்னு தெரியலன்னு கேக்குறவங்க நிறைய. இன்னும் சிலருக்கு கம்பெனியே எங்க இருந்து வேணா வேலை பாருன்னு சொல்லிடுச்சு, சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுத்தியிருக்கிற பே ஏரியாவ விட்டுட்டு நார்த் கரோலினா பக்கம் போயிடலாமான்னு யோசனை. எல்லாரும் விசாரிக்கிறது ஒரே விஷயந்தான்: ஸ்கூல் ரேட்டிங் என்ன, வீடு என்ன விலை, கோயில் எவ்வளவு தூரம், நம்ம கடை இருக்கா.

சிகாகோ பக்கம் நேப்பர்வில், டல்லாஸ் பக்கம் பிளேனோ, பே ஏரியாவுல ஃப்ரீமான்ட், நார்த் கரோலினாவுல கேரி, இந்த நாலு ஊர்லயும் அதுக்கெல்லாம் பதில் நல்லாவே இருக்கும். நேப்பர்வில்லுக்குப் பக்கத்துல அரோரால பாலாஜி கோயில் இருக்கு, பிளேனோவுக்குப் பக்கத்துல ஃப்ரிஸ்கோல ஹனுமான் கோயில் இருக்கு, ஃப்ரீமான்ட்ல இருந்து கிளம்புனா லிவர்மோர் சிவா விஷ்ணு கோயில், கேரில ஊருக்குள்ளயே வெங்கடேஸ்வரா கோயில். தோசை மாவும் முருங்கைக்காயும் எங்கயும் கிடைக்குது. அதனாலதான் இதை வச்சு முடிவு எடுக்கப் பாக்குறவங்க மாசக்கணக்கா அங்கயே நிக்கிறாங்க.

உண்மையான வித்தியாசம் ஊரோட நிர்வாகத்துல இருக்கு. அமெரிக்க சபர்ப்ல, அதாவது புறநகர்ல, ஒரு வீட்டுக்கு மேல அஞ்சாறு தனித்தனி அரசாங்கம் இருக்கும். சிட்டி ஒண்ணு, நம்ம மாவட்டம் மாதிரி கவுன்ட்டி ஒண்ணு, அரசுப் பள்ளிகளை நடத்துற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஒண்ணு, சில இடத்துல பார்க்குக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் தனி எல்லை, தனி எலெக்‌ஷன், பெரும்பாலும் தனி வரி. நீங்க வாங்குற வீடு எந்தெந்தக் கோட்டுக்குள்ள விழுதுங்கிறதுதான் அடுத்த இருபது வருஷச் செலவையும் பசங்க படிப்பையும் தீர்மானிக்கும், தெருப் பேரோ ஊர்ப் பேரோ இல்ல.

## எதை வச்சு எடை போடப் போறோம்

முதல்ல ஸ்கூல். ரேட்டிங் இல்ல, ஸ்கூலை யார் நடத்துறாங்க, எல்லைக்கோட்டை யார் மாத்தலாம், மாத்துனா உங்களுக்கு என்ன ஆகும். ரெண்டாவது ப்ராப்பர்ட்டி டாக்ஸ் (வருஷா வருஷம் கட்டுற சொத்து வரி), இன்னைக்கு எவ்வளவுங்கிறதை விட எந்த விதத்துல ஏறும்ங்கிறது முக்கியம். மூணாவது கரண்ட், தண்ணி. நாலாவது, வீட்ல ரெண்டாவது கார் இல்லாம ஒருத்தர் வேலைக்குப் போயிட்டு வர முடியுமா. அஞ்சாவது நிலமும் வானிலையும் வைக்கிற செலவு. ஆறாவது, நம்ம சொல்றதை அங்க யாராவது காது குடுத்துக் கேப்பாங்களா.

இந்த ஆறாவதைப் பத்தி இங்கயே சொல்லிடறேன், ஏன்னா நாலு ஊர்லயும் அடிப்படை ஒண்ணுதான். எல்லாமே கவுன்சில்-மேனேஜர் முறை. மேயர்னா பெரிய அதிகாரம்னு நினைக்க வேணாம், பெரும்பாலும் கவுன்சில்ல அவருக்கும் ஒரே ஓட்டுதான். தினசரி நிர்வாகம் பண்றது சிட்டி மேனேஜர். நம்ம ஊர்ல மாநகராட்சி கமிஷனரை மாநில அரசு போடுது, இங்க மேனேஜரை கவுன்சிலே வேலைக்கு எடுக்கும், கவுன்சிலே அனுப்பவும் செய்யும். எச்1பி வேலை விசால இருக்குறவங்க, கிரீன் கார்டு க்யூல நிக்கிறவங்க ஓட்டுப் போட முடியாது, ஆனா கவுன்சில் மீட்டிங்லயும் ஸ்கூல் போர்டு மீட்டிங்லயும் பொதுமக்கள் பேசுற நேரத்துல பேரைக் குடுத்துட்டுப் பேசலாம், பொதுவா மூணு நிமிஷம் தருவாங்க, விசா யாரும் கேக்க மாட்டாங்க. நம்ம ஆளுங்க வரியை முழுசாக் கட்டிட்டு இந்த மூணு நிமிஷத்தைப் பயன்படுத்தாம விட்டுடறாங்க, அது எனக்கு ரொம்ப ஆதங்கம்.

## நேப்பர்வில், இல்லினாய்

1831ல ஜோசஃப் நேப்பர் குடியேறுன ஊர். 2020 சென்சஸ்படி 1,49,540 பேர். டூபேஜ், வில்னு ரெண்டு கவுன்ட்டில பரவிக் கிடக்கு. மேயரும் எட்டு கவுன்சிலர்களும், எல்லாரையும் மொத்த ஊரும் சேந்து தேர்ந்தெடுக்குது, வார்டு கிடையாது.

ஸ்கூல் விஷயத்துல இங்க கவனமா இருக்கணும். ஊரோட பெரும்பகுதி ரெண்டு டிஸ்ட்ரிக்ட்ல பிரிஞ்சிருக்கு. நேப்பர்வில் 203ங்கிற டிஸ்ட்ரிக்ட்ல சென்ட்ரல், நார்த்னு ரெண்டு ஹைஸ்கூல். இந்தியன் ப்ரெய்ரி 204ல நியூக்வா வேலி, மெட்டீயா வேலி, வபான்சி வேலினு மூணு. இதுல மெட்டீயாவும் வபான்சியும் இருக்குறது அரோரா ஊர்ல. அதாவது அரோரா அட்ரஸ்ல வீடு வாங்கியும் பசங்களை 204லயே படிக்க வைக்கலாம், நேப்பர்வில்ங்கிற பேருக்காகக் கூடுதலா விலை குடுக்கணும்னு அவசியமே இல்ல. இதோட மறுபக்கமும் உண்டு. தபால் அட்ரஸ் நேப்பர்வில்னு இருக்கும், ஆனா வீடு சிட்டி எல்லைக்கு வெளில, எந்த ஊர்லயும் சேராத துண்டு நிலத்துல இருக்கும். அங்க போலீஸ்னா கவுன்ட்டி ஷெரிஃப், சிட்டி கரண்டும் வராது.

கரண்டைப் பத்திச் சொல்லியே ஆகணும். சிகாகோவைச் சுத்தி பெரும்பாலான ஊருக்கு காம்எட் கம்பெனி கரண்ட் தருது, நேப்பர்வில்ல சிட்டியே சொந்தமா மின்சார விநியோகம் நடத்துது. கரண்ட் போனா கூப்பிடுறது சிட்டியை, கட்டணம் ஏறுனா போய்க் கேள்வி கேக்குறதும் சிட்டி கவுன்சில்லதான். மொத்தமா கரண்ட் வாங்குறது ஒரு நகராட்சிக் கூட்டமைப்புகிட்ட, அந்த ஒப்பந்தம் 2035 வரைக்கும் இருக்கு, அதுக்கப்புறமும் அவங்க கூடவே போறதா வேணாமான்னு ஊர்ல பெரிய விவாதமே நடந்திருக்கு. தண்ணி 1992ல இருந்து மிச்சிகன் ஏரித் தண்ணி.

இப்போ வரி. டூபேஜ் கவுன்ட்டி டாக்ஸ் பில்லை ஒரு தடவை கையில எடுத்துப் பாருங்க. கவுன்ட்டிக்கு ஒரு வரி, காட்டுப் பகுதியைப் பாத்துக்கிற ஃபாரஸ்ட் ப்ரிசர்வுக்கு ஒரு வரி, கவுன்ட்டியோட உட்பிரிவான டவுன்ஷிப்புக்கு ஒண்ணு, டவுன்ஷிப் ரோடுக்குத் தனியா இன்னொண்ணு, சிட்டி, பார்க் டிஸ்ட்ரிக்ட், கம்யூனிட்டி காலேஜ், இதுக்கெல்லாம் மேல மொத்தத்துல பாதிக்கும் மேல முழுங்குற ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். உள்ளாட்சி அமைப்புகளோட எண்ணிக்கைல அமெரிக்காவுலயே முதல் இடம் இல்லினாய்க்குத்தான், இந்த ஒரு தாள்லயே அது தெரியும். மொத்தமாப் பாத்தா வீட்டோட மதிப்புல சுமார் 2%, சில இடத்துல அதுக்கும் மேல. 5 லட்சம் டாலர் வீட்டுக்கு வருஷம் 10,000 டாலர்னு வச்சுக்கலாம். மாநில வருமான வரி எல்லாருக்கும் ஒரே மாதிரி 4.95%.

இங்க மறைஞ்சிருக்கிற செலவு, இல்லினாய்ல வரி ஒரு வருஷம் தள்ளித்தான் வரும். போன வருஷத்து வரியை இந்த வருஷம் ஜூன்லயும் செப்டம்பர்லயும் கட்டுவீங்க. வீடு வாங்குறப்போ விக்கிறவர் அவரு இருந்த காலத்துக்கான பங்கை க்ளோசிங்ல (வீடு கைமாறுற அன்னைக்கு) கழிச்சுத் தருவார், கையில வந்த சலுகைன்னு அதை ஃபர்னிச்சர்ல செலவு பண்ணிட்டு அடுத்த வருஷம் திணறக் கூடாது. புது வீடுன்னா இன்னும் மோசம், முதல் பில் வெறும் மனைக்கு மட்டும் வரும், அடுத்தது முழு வீட்டுக்கும் வரும், எஸ்க்ரோல (வரி கட்டுறதுக்காக மாசாமாசம் லோன் கம்பெனி பிடிச்சு வைக்கிற கணக்குல) பணம் பத்தாம மாசத் தவணை திடீர்னு ஏறும்.

இவ்வளவு வரிக்கு என்ன கிடைக்குதுன்னு கேட்டா கண்ணுக்கு நேரா காட்ட முடியுற ஊர் இது. ஊரோட 150வது வருஷத்தை ஒட்டி 1981ல போட்ட ரிவர்வாக், டூபேஜ் ஆத்தங்கரையோரமா செங்கல் பாதை. அதை ஒட்டி பழைய கல் குவாரியில தண்ணி நிரப்பி நீச்சல் குளமா மாத்துன சென்டெனியல் பீச், அதைப் பாத்துக்கிறது சிட்டி இல்ல, பார்க் டிஸ்ட்ரிக்ட். மெட்ரா ரயில்ல நேப்பர்வில், ரூட் 59னு ரெண்டு ஸ்டேஷன், எக்ஸ்பிரஸ் பிடிச்சா சிகாகோ யூனியன் ஸ்டேஷனுக்கு முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிடலாம். சிகாகோ டவுன்டவுன்ல வேலைன்னா ரெண்டாவது கார் இல்லாமலே சமாளிக்கலாம்.

## பிளேனோ, டெக்சஸ்

நாலுலயும் பெருசு, 2,85,494 பேர். மேயரும் ஏழு கவுன்சிலர்களும். அதுல நாலு பேர் அவங்கவங்க பகுதியில குடியிருக்கணும், ஆனா ஓட்டு மொத்த ஊரும் போடும்.

டெக்சஸ்ல மாநில வருமான வரி கிடையாதுன்னு சொன்ன உடனே எல்லார் மனசும் இங்க சாஞ்சிடும். நியாயந்தான், ஆனா கணக்கை முழுசாப் போடணும். சிட்டி, கவுன்ட்டி, காலின் காலேஜ், ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நாலும் சேத்து ப்ராப்பர்ட்டி டாக்ஸ் சுமார் 1.7% வரும். சொந்தமாக் குடியிருக்கிற வீடுன்னா ஹோம்ஸ்டெட் எக்ஸம்ப்ஷன் உண்டு, அதாவது வீட்டு மதிப்புல ஒரு பகுதிக்கு வரி கிடையாது, அதை ஸ்கூல் வரிக்கு 2023ல 1,00,000 டாலர் ஆக்குனாங்க, 2025 நவம்பர் ஓட்டுல 1,40,000 டாலர் ஆயிடுச்சு, இது பெரிய உதவி. வரி போடுற மதிப்பு வருஷம் 10%க்கு மேல ஏறக்கூடாதுன்னு ஒரு உச்சவரம்பும் இருக்கு, ஆனா வாங்குன முதல் வருஷம் அந்தப் பாதுகாப்பு இருக்காது, எக்ஸம்ப்ஷன் கிடைச்சதுக்கு அடுத்த வருஷத்துல இருந்துதான். ஒவ்வொரு வசந்த காலத்துலயும் மதிப்பீட்டு நோட்டீஸ் வரும், அதை எதிர்த்து மே 15 வாக்குல புரொடெஸ்ட் பண்ணலாம். பண்ணுங்க, இங்க அது சண்டை இல்ல, எல்லாரும் செய்யுற வழக்கம்.

பிளேனோவுல இப்போ முக்கியமாப் பாக்க வேண்டியது ஊரோட வயசு. ஒரு காலத்துல டல்லாஸுக்கு வடக்க வேகமா வளந்த ஊர் இதுதான், இப்போ காலி நிலம் பெருசா இல்ல, வீட்டு விலை ஏறிடுச்சு, சின்னக் குழந்தைங்க இருக்குற குடும்பமெல்லாம் இன்னும் வடக்க ப்ராஸ்பர், செலைனான்னு போயிடறாங்க. அதனால ஸ்கூல்ல பசங்க எண்ணிக்கை குறைஞ்சு, நாலு ஸ்கூலை மூடுறதுன்னு பிளேனோ ஐஎஸ்டி (ஊரோட ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்) போர்டு 2024ல முடிவு பண்ணுச்சு. நடந்தே போற தூரத்துல எலிமென்டரி ஸ்கூல்னு வீடு வாங்குனவங்களுக்கு அது எவ்வளவு வேதனைன்னு சொல்ல வேண்டியதில்ல. ஹைஸ்கூலும் இங்க வேற மாதிரி, 9, 10 ஒரு கட்டடத்துல, 11, 12 சீனியர் ஹைன்னு பெரிய கேம்பஸ்ல. அந்த மாற்றம் சில பசங்களுக்கு நல்லா செட் ஆகும், சிலருக்கு ஆகாது, உங்க பிள்ளை எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும். இன்னொண்ணு, பிளேனோ சிட்டிக்குள்ள எல்லா வீடும் பிளேனோ ஐஎஸ்டி கிடையாது, ஓரத்துல ஃப்ரிஸ்கோ, லூயிஸ்வில் டிஸ்ட்ரிக்ட்லயும் கொஞ்சம் விழும். நீங்க கட்டுற ஸ்கூல் வரில ஒரு பங்கு வசதி குறைஞ்ச டிஸ்ட்ரிக்ட்களுக்குக் குடுக்குறதுக்காக மாநிலத்துக்குப் போகுது, பிளேனோ பல வருஷமா கோடிக்கணக்குல அப்படிக் கட்டிட்டு இருக்கு.

கரண்ட் இங்க பெரும்பாலும் சந்தை. கம்பி ஒரு கம்பெனியோடது, விக்கிறது வேற வேற கம்பெனி, நீங்கதான் பிளான் தேர்ந்தெடுக்கணும். பிளான் முடியுற தேதியை மறந்தா மாசாமாசம் மாறுற ரேட்டுக்குப் போயிடும், ஆகஸ்ட் வெயில்ல அந்த பில்லைத் தாங்க முடியாது. 2021 பிப்ரவரி பனில மாநிலத்தோட பெரும்பகுதியில கரண்ட் போனதும் மறக்கக் கூடாத விஷயம்.

நிலம் களிமண். கோடையில சுருங்கும், மழையில உப்பும், வீட்டு அஸ்திவாரம் அசைஞ்சு சுவர்ல விரிசல் வரும், அதனால பழைய வீடுன்னா ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கூட்டிட்டுப் போய்க் காட்டாம கையெழுத்துப் போடாதீங்க. ஆலங்கட்டி மழையில கூரை போகும், இன்சூரன்ஸ்ல கூரைக்கான டிடக்டிபிள் (நம்ம கையில இருந்து போட வேண்டிய பங்கு) தனியா ஒரு சதவீதமா இருக்கும், அதைப் படிச்சுப் பாருங்க. எந்தப் பக்கம் போனாலும் டோல் ரோடு. ரயில்னு பாத்தா, டல்லாஸ் வட்டாரப் போக்குவரத்து அமைப்பான டார்ட்டோட ரெட் லைன் 2002 கடைசில டவுன்டவுன் பிளேனோ வரைக்கும் வந்துச்சு, 2025ல சில்வர் லைன் வந்து ஏர்போர்ட்டுக்கும் வழி ஆச்சு. சேல்ஸ் டாக்ஸ்ல டாலருக்கு ஒரு சென்ட் அந்த டார்ட்டுக்குத்தான் போகுது. பக்கத்துல ஃப்ரிஸ்கோ டார்ட்ல சேரவே இல்ல, அந்தக் காசைத் தொழில் வளர்ச்சிக்கும் ஊர் வசதிக்கும் போடுது. ரெண்டு ஊரும் ஒண்ணு மாதிரி இருந்தாலும் குணம் வேற வேறயா இருக்குறதுக்கு இந்த ஒரு சென்டும் ஒரு காரணம்.

## ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

1956ல சென்டர்வில், நைல்ஸ், அர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ்னு அஞ்சு ஊர் சேந்து ஒரு சிட்டி ஆச்சு. 2020ல 2,30,504 பேர், பாதிக்கு மேல ஆசியர்கள். இன்னைக்கும் யாரும் சும்மா ஃப்ரீமான்ட்னு சொல்ல மாட்டாங்க, அர்விங்டன்ல இருக்கேன், மிஷன்ல இருக்கேன்னுதான் சொல்வாங்க. 2018ல இருந்து ஆறு கவுன்சிலர்களைத் தொகுதி வாரியாத் தேர்ந்தெடுக்கிறாங்க, மேயரை மட்டும் மொத்த ஊரும். உங்க தெருப் பிரச்சினைக்கு இவர்தான்னு ஒருத்தரைக் கைகாட்ட முடியும், அது நல்லது.

ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் ஒண்ணுதான், ஆனா உள்ள இருக்குற கோடுதான் பிரச்சினை. மிஷன் சான் ஹோசே ஹைக்குப் போற தெருவுக்கும் போகாத தெருவுக்கும் வீட்டு விலையில பல லட்சம் டாலர் வித்தியாசம். 2000 வாக்குல வைபல் எலிமென்டரி பகுதியை மிஷன்ல இருந்து எடுத்து அர்விங்டன் ஹைக்கு மாத்துனப்போ பெற்றோர் கொதிச்சுப் போய் தனி டிஸ்ட்ரிக்ட்டே கேட்டாங்க, நடக்கல. கோடு மாறும், நீங்க குடுத்த விலை திரும்பாது. அர்விங்டன் ஹைல படிச்சவங்களும் நல்லா வந்திருக்காங்க, ஒரு பேருக்காக அவ்வளவு கடன் வாங்காதீங்கன்னுதான் நான் சொல்லுவேன்.

வரில இங்க 1978 ப்ரொபோசிஷன் 13 தான் எல்லாமே. வாங்குன விலையில 1% அடிப்படை வரி, வருஷம் 2%க்கு மேல மதிப்பு ஏறாது. ஸ்கூல் மாதிரி பொது வேலைக்கு வாங்குன கடனுக்கான பாண்டெல்லாம் சேத்து 1.1, 1.2% வரும். பதினஞ்சு லட்சம் டாலர் வீட்டுக்கு நீங்க 17,000 டாலர் கட்டுவீங்க, அதே அளவு வீட்ல 1980ல இருந்து குடியிருக்கிற பக்கத்து வீட்டுப் பாட்டி அதுல ஒரு சின்னப் பங்கு மட்டும் கட்டுவாங்க. நீண்ட காலம் இருந்தா அந்த அனுகூலம் உங்களுக்கும் வரும், மூணு வருஷத்துல கிளம்புறவங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. வாங்குன கொஞ்ச மாசத்துல சப்ளிமென்டல் பில்னு, வீட்டு மதிப்பு மாறுனதுக்கான வித்தியாச வரி, தனியா ஒண்ணு வரும், பெரும்பாலும் எஸ்க்ரோ அதைக் கட்டாது, தபால் பெட்டியைப் பாத்து நீங்களேதான் கட்டணும். சம்பளம் ரெண்டு பேருக்கும் வந்தா மாநில வருமான வரில 9.3% பிராக்கெட்டுக்குப் போறது சாதாரணம்.

தண்ணிக்கு அலமீடா கவுன்ட்டி வாட்டர் டிஸ்ட்ரிக்ட், சாக்கடைக்கு யூனியன் சானிட்டரி டிஸ்ட்ரிக்ட், லைப்ரரி கவுன்ட்டியோடது, கரண்ட் பில் பிஜிஅண்ட்இங்கிற தனியார் கம்பெனி பேர்ல, பில் பெருசு. ஹேவர்ட் பூகம்பக் கோடு ஊரு நடுவுலயே போகுது, சாதாரண வீட்டு இன்சூரன்ஸ்ல பூகம்பம் சேராது. மலையடிவாரத்து வீடுன்னா தீ இன்சூரன்ஸ் கிடைக்குதான்னு ஆஃபர் போடறதுக்கு முன்னாடியே கேளுங்க, 2023ல பெரிய கம்பெனியே கலிஃபோர்னியாவுல புது பாலிசி குடுக்குறதை நிறுத்துனாங்க. பார்ட் ரயில் 1972ல இருந்து இருக்கு, 2017ல வார்ம் ஸ்பிரிங்ஸ் வந்துச்சு, சான் ஃபிரான்சிஸ்கோ போறவங்களுக்கு அது வரம்.

## கேரி, நார்த் கரோலினா

1,74,721 பேர் இருந்தும் சட்டப்படி இது இன்னும் சிட்டி இல்ல, டவுன். ஆராய்ச்சி, டெக் கம்பெனிங்க நிறைஞ்ச ரிசர்ச் டிரையாங்கிள் பக்கத்துல, எஸ்ஏஎஸ்ங்கிற சாஃப்ட்வேர் கம்பெனியோட தலைமையிடம். ப்ராப்பர்ட்டி டாக்ஸ் நாலுலயும் குறைவு, கவுன்ட்டியும் டவுனும் சேத்து 1%க்கும் கீழ. மாநில வருமான வரி 2026ல 3.99%. பில்லும் சிம்பிள், ஏன்னா ஸ்கூலுக்குத் தனி வரி போடுற அதிகாரம் ஸ்கூல் போர்டுக்குக் கிடையாது, கவுன்ட்டி கமிஷனர்கள்தான் பணம் ஒதுக்கணும்.

ஆனா ஸ்கூல்ல இதுக்கு விலை இருக்கு. வேக் கவுன்ட்டி முழுக்க ஒரே ஸ்கூல் சிஸ்டம், கேரிக்குன்னு தனி ஸ்கூல் போர்டு இல்ல. வீட்டுக்கு எதிர்த்தாப்புல ஸ்கூல் இருந்தாலும் இடம் நிரம்பிடுச்சுன்னா பிள்ளையை வேற ஸ்கூலுக்கு அனுப்புவாங்க, புது ஸ்கூல் திறக்குறப்போ பகுதி பகுதியா மாத்துவாங்க. சில ஸ்கூல் வருஷம் முழுக்க நடக்கும், ஒன்பது வாரம் படிப்பு, மூணு வாரம் லீவு. சின்னவன் அந்த காலண்டர்லயும் பெரியவ வழக்கமான ஹைஸ்கூல் காலண்டர்லயும் மாட்டுனா ரெண்டு மாசம் இந்தியா போறதெல்லாம் கனவுதான். காருக்கும் வருஷா வருஷம் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் உண்டு, ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கிறப்போ சேத்துக் கட்டணும். பஸ் இருக்கு, ஆனா கார் இல்லாம காலம் தள்ள முடியாது.

## ஒரே பார்வையில

| | நேப்பர்வில் | பிளேனோ | ஃப்ரீமான்ட் | கேரி |
|---|---|---|---|---|
| ப்ராப்பர்ட்டி டாக்ஸ் (சுமார்) | 2% | 1.7%, எக்ஸம்ப்ஷன் போகக் குறையும் | 1.1–1.2%, வாங்குன விலைக்கு | 1%க்குக் கீழ |
| மாநில வருமான வரி | 4.95% | இல்ல | அதிகம் | 3.99% |
| ஸ்கூல் | ரெண்டு பெரிய டிஸ்ட்ரிக்ட் | பெரும்பாலும் பிளேனோ ஐஎஸ்டி | ஒரே டிஸ்ட்ரிக்ட், உள்கோடு முக்கியம் | கவுன்ட்டி முழுக்க ஒண்ணு |
| கரண்ட் | சிட்டியோடது | நீங்களே பிளான் எடுக்கணும் | தனியார், விலை அதிகம் | டியூக் எனர்ஜி |
| ரயில் | மெட்ரா | டார்ட் | பார்ட் | தினசரி வேலைக்கு நம்பி இருக்க முடியாது |
| பயப்பட வேண்டியது | வரி, பனிக்காலம் | களிமண், ஆலங்கட்டி | பூகம்பம், கடன் சுமை | ஸ்கூல் மாற்றம் |

## யாருக்கு எது

பிள்ளைங்க மிடில் ஸ்கூல்ல இருக்காங்க, ஹைஸ்கூல் முடியுற வரைக்கும் ஒரே இடம், அதுக்கப்புறம் வித்துட்டுப் போயிடுவோம்னு இருக்குறவங்களுக்கு நேப்பர்வில் நல்ல பொருத்தம். வரி கடுமை, ஆனா படிக்கிற வருஷங்கள்ல அதுக்கான பலனை முழுசா அனுபவிப்பீங்க. பசங்க காலேஜ் போனப்புறமும் அந்த பில் அப்படியே நிக்கும்ங்கிறதால ரிட்டயர்மென்ட் வரைக்கும் அங்கயே இருக்குற பிளானுக்கு நான் தயங்குவேன்.

சம்பளம் பெருசு, வேலை, பிளேனோவுல பெரிய ஆபீஸெல்லாம் இருக்குற லெகசி பக்கம்னா பிளேனோ. அதே சம்பளத்துக்கு வருமான வரி மிச்சம் நிஜமான பணம். ஆனா ஒரு சம்பளம் நின்னாலும் ப்ராப்பர்ட்டி டாக்ஸ் நிக்காது, விசா நிலைமை உறுதி இல்லாதவங்க இதை யோசிக்கணும்.

ஃப்ரீமான்ட் ஏற்கனவே பே ஏரியாவுல ஸ்டாக் பணத்தோட இருக்குறவங்களுக்கு, பதினஞ்சு இருபது வருஷம் அசையாம இருக்கப் போறவங்களுக்கு. வெளியூர்ல இருந்து புதுசா வந்து முழுக் கடன்ல வாங்குறதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேலை போனாலும் அடுத்த வேலை முப்பது மைல்ல கிடைக்கும்ங்கிற ஒரு பலம் மத்த மூணு ஊருக்கும் இந்த அளவுக்கு இல்ல, அதுக்காக வாடகைக்கு இருங்க.

கைக்குழந்தையோட, வீட்ல இருந்தே வேலை, கடன் குறைவா வச்சுக்கணும்னா கேரி. ஸ்கூல் மாறுனா பரவால்லன்னு மனசைத் தயார் பண்ணிட்டுப் போங்க.

எந்த ஊரா இருந்தாலும் ஆஃபர் போடுறதுக்கு முன்னாடி அந்த வீட்டோட போன வருஷத்து டாக்ஸ் பில்லை கவுன்ட்டி வெப்சைட்ல எடுத்து வரி வரியாப் படிங்க, வீட்டு நம்பரைப் போட்டு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டோட சொந்த சைட்லயே எந்த ஸ்கூல்னு பாருங்க, வீடு விக்கிற ஆப் காட்டுறதை நம்பாதீங்க. அப்புறம் ஸ்கூல் போர்டு மீட்டிங் வீடியோ கடைசி ரெண்டு மூணைப் போட்டுப் பாருங்க. எல்லைக்கோடு மாத்துறது, ஸ்கூல் மூடுறது எல்லாம் முதல்ல பேச்சா அடிபடுறது அங்கதான், வீட்டு ஏஜென்ட் வாயில அது கடைசியாத்தான் வரும்.